கடைசித் தாளில் ஊர்ப்பெயர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டீர்கள். மற்ற எல்லா வரைபடங்களிலும் ஊர்ப்பெயரை ட்ராஃப்ட்ஸ்மேனே எழுதிவிடுகிறார். வரைபடக் கட்டின் கடைசித் தாளில் மட்டும் அந்த இடத்தைக் காலியாக விட்டு, அனுப்புகிற பொறியாளரே ஊர்ப்பெயரை எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும் என்பது ஏன் என்று. நேரத்தைத் தின்னும் பழைய வழக்கம் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு நகர்ந்தேன். மேஜையோரம் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

இந்த மாதக் கடைசியில் நான் வேலையை விடுகிறேன். இரண்டாவது குழந்தை வரப்போகிறது. மூத்தவனுக்கு இழுப்பு இன்னும் முழுதாக விடவில்லை. திரும்பி வருவேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. என் மேஜை உங்களில் ஒருவருக்குப் போகும் என்பதால் இதை எழுதி வைக்கிறேன். எழுதுவது சரிதானா என்று இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடைசித் தாள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். படிக்கட்டின் மூலை, ஜன்னல் மேல் வரும் லிண்டல், கூரை சுவரில் உட்காரும் இடம் என்று எல்லாக் கட்டடங்களுக்கும் பொதுவான விவரங்களை நம் சீஃப் பல வருஷங்களுக்கு முன்னால் ஒரே ட்ரேசிங் துணியில் வரைந்து, அடியில் கையெழுத்துப் போட்டு வைத்தார். எந்த வேலை வந்தாலும் அதிலிருந்து ஒரு ப்ளூபிரிண்ட் எடுத்துக் கட்டின் கடைசியில் சேர்த்துவிடுவோம். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. புத்தகத்துக்குப் பின் அட்டை மாதிரி அது.

அந்தத் தாளில் சீஃபுக்குப் பெருமை தந்த ஒரு கோடு உண்டு. கூரைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு அடுக்குத் தார்க் காகிதம். பெங்களூர் வெயிலில் கான்கிரீட் கூரை பகலில் விரியும், சாயங்காலம் குளிர்ந்ததும் சுருங்கும். அப்படிப் போய்வரும்போது சுவரின் தலையையும் சேர்த்து இழுக்கும். இங்கே பிரேசர் டவுனில் புது வீடு கட்டியவர்கள் எல்லாம் கூரையை ஒட்டி விரிசல் என்று புகார் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சீஃப் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். தார்க் காகிதம் போட்டால் கூரை அதன்மேல் தன்பாட்டுக்கு நழுவும், சுவரைத் தொந்தரவு செய்யாது என்று கண்டுகொண்டார். சுவரும் கூரையும் ஒரே வீட்டில் இருக்கட்டும், ஒன்றையொன்று பிடித்து இழுக்க வேண்டாம், இது கல்யாணத்துக்கும் பொருந்தும் என்று சிரிப்பார். அதற்குப் பிறகு நாம் கட்டிய எந்த வீட்டிலும் அந்த விரிசல் வரவில்லை.

லிங்கராஜபுரத்தில் நாம் கட்டிய பிரசவ வார்டு உங்களுக்குத் தெரியும். அதை நடத்துகிற தர்ம ஸ்தாபனம் அஸ்ஸாம் மலைப்பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி தொடங்கியது. பிரேசர் டவுன் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் டாக்டரை அங்கே அனுப்பினார்கள். அவர் இதே மாதிரி இரண்டு வார்டு வேண்டும் என்று கேட்டார்.

பூகம்பத்தை நாங்கள் மறந்துவிடவில்லை. அந்தப் பக்கம் பூமி எப்படி ஆடும் என்று எல்லோருக்கும் தெரியும். சீஃப் சுவரைத் தடிப்பாக்கினார், ஜன்னல்களைக் குறைத்தார், லிண்டல் மட்டத்தில் கட்டடத்தைச் சுற்றி கான்கிரீட் பட்டை ஓடவிட்டார். கணக்குகளை நான் போட்டேன், அவர் வரி வரியாகத் திருத்தினார். அவ்வளவு கவனத்தோடு செய்த கட்டு அது. கட்டி அனுப்பும்போது வழக்கம்போல் கடைசித் தாளும் சேர்ந்து போனது.

குளிர்காலம் தொடங்கியபோது அங்கிருந்த சைட் சூப்பர்வைசரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. இரண்டாவது வார்டுக்குக் கூரை போடத் தயாராக இருக்கிறோம், தார்க் காகிதம் தீர்ந்துவிட்டது, பதிலுக்கு எண்ணெய்த் துணி போடலாமா என்று கேட்டிருந்தார். சீஃப் அப்போது கண்புரை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். ஹெட் ட்ராஃப்ட்ஸ்மேன் போடலாம் என்று பதில் எழுதிக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பொறியாளர் என்று யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், ஆபீசில் மிச்சம் நான்தான்.

பேனாவைத் திறந்துவிட்டு, எண்ணெய்த் துணி அந்த வேலையைச் செய்யுமா என்று கேட்டேன்.

"செய்யாம என்னம்மா? கூரை வழுக்கிக்கிட்டுப் போகணும், அவ்ளோதானே. சும்னே யோசிக்காதீங்க. வாழையிலை போட்டாக்கூட வழுக்கும்" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. வழுக்கிக்கொண்டு போவதற்காகவே ஒரு கூரையை, பூமி ஆடுகிற ஊருக்கு நாம் வரைந்து அனுப்பியிருக்கிறோம். தரை ஆடும்போது சுவரின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதே கூரைதான். அந்தப் பிடி இல்லாவிட்டால் சுவர் வெளிப்பக்கம் சாயும், கூரை தட்டையாகக் கீழே வரும். லிண்டலில் நாங்கள் போட்ட பட்டை கீழே இருக்கும் சுவரைத்தான் பிடிக்கும். அதற்கு மேலே எதுவும் இல்லை.

அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கடைசித் தாளை எடுத்து விரித்துப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது கூரையை நிறுத்தச் சொல்லி அன்றைக்கே தந்தி கொடுத்தோம். அது கஷ்டமான முடிவு இல்லை. போடாத கூரையால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் தார்க் காகிதம் தீர்ந்துவிட்டது என்றால் முதல் வார்டில் போட்டாயிற்று என்றுதானே அர்த்தம். அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் எழுதவில்லை. எழுதாததை அந்த டாக்டர் படித்துவிட்டார். மறுநாள் அவரிடமிருந்தே தந்தி. முதல் வார்டில் தாய்மார்கள் இருக்கிறார்கள், கடுங்குளிர், அந்தக் கூரை பத்திரமா, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லவும்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். விஷயம் தலைமைப் பொறியாளரின் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதிலை ஹெட் ட்ராஃப்ட்ஸ்மேன் சொல்ல, நானே எழுதினேன். நல்ல ஆங்கிலம். பொய் ஒன்றும் அதில் இல்லை. ஒரு கட்டிலைக்கூட அது நகர்த்தாது. அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சீஃபைப் பார்க்கப் போனேன்.

இரண்டு கண்ணிலும் கட்டு. தலை அசையக் கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் பை வைத்திருந்தார்கள். உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவரே, என்னமோ கொண்டுவந்திருக்கே, சொல்லு என்றார்.

சொன்னேன். எந்தத் தாள் என்று கேட்டார். கடைசித் தாள் என்றேன். போர்வையின் மேல் அவர் விரல் ஒரு கோடு இழுத்தது.

"தார்க் காகிதம்."

"ஆமா சார்."

"முதல் வார்டுல ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"ஆடினா என்ன ஆகும்னு நெனைக்கறே?"

சின்ன ஆட்டம் என்றால் கூரையின் கனமே அதைப் பிடித்து வைக்கலாம், பெரிது என்றால் வைக்காது, எது சின்னது எது பெரியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை என்றேன். தார்க் காகிதம் எவ்வளவு பிடிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வழுக்குவதற்காகப் போடுகிற பொருள் எவ்வளவு பிடிக்கும் என்று யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்?

"எனக்கும் தெரியாது" என்றார்.

"என்ன பதில் கொடுக்கறது சார்?"

"நீ என்ன கொடுக்கலாம்னு வந்தே?"

பைக்குள் இருந்த பதிலைப் பற்றி நான் சொல்லவில்லை. வாயில் வந்தது வேறு. "இல்லைன்னு கொடுக்கலாம்னு சார்."

"அதையே கொடு. ஆனா என் பேரைப் போடாதே அம்மா. நான் இன்னும் பார்க்கலை. பார்க்காததுக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை."

அந்தக் கடைசித் தாளின் ஒவ்வொரு பிரதியிலும் அவர் கையெழுத்து இருந்தது. அது அவருக்கும் அந்த நிமிஷமே நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தார். மணல் பை விடவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் என்னைத் தனியாக விட்டுவிட்டாரா, அல்லது அதுதான் நேர்மையா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒருநாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் மற்றது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மேல் கோபப்படுவது எளிதாக இல்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்களுக்கு மேலே இருப்பவர் கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருக்கிற நாளில்தான் இந்த மாதிரிக் கேள்வி வரும்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் வீட்டுக்கு வந்தால் பையனுக்கு நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. பகலில் அவனைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு ரோஸி அக்கா கற்பூர எண்ணெய் தடவிவிட்டு என்னைத் திட்டினாள். காலையில் பனியிலே இவனைத் தூக்கிக்கொண்டு வராதே என்று எத்தனை தடவை சொல்வது, ஸ்வெட்டர் போட்டால் போதுமா, குளிர் காலிலிருந்துதானே ஏறும் என்றாள். பெங்களூர்ப் பனி அது. நான் அவன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, மலைமேல் இருக்கும் குளிரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று நான் எழுதினால், பிறந்து சில நாளே ஆன குழந்தைகளைக் கல் சுவரும் அடுப்பும் உள்ள அறையிலிருந்து தூக்கி, காற்று நுழைகிற மூங்கில் வீடுகளில் போடுவார்கள். ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் இருந்த அந்த வீடுகள் பூமி ஆடினால் வளைந்து கொடுக்கும், விழுந்தாலும் ஆளைக் கொல்லாது. குளிரைத் தடுக்க அவற்றால் முடியாது. கூரை விழலாம், விழாமலும் போகலாம். குளிர் கட்டாயம் வரும்.

என் கணவர் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் நிதானமானவர். அங்கே படுத்திருப்பவர்களை எழுப்பி வெளியே போகச் சொல்ல நீ யார், நாளைக்கு ஏதாவது ஆனால் காகிதத்தில் உன் பெயர்தான் இருக்கும், சீஃப் பெயர் இருக்காது, யோசித்துக்கொள் என்றார். நியாயமான பேச்சு. நான் பையனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"சரி, ஆமான்னு எழுதினா உன்னால தூங்க முடியுமா?"

முடியாது என்றேன். இல்லை என்று எழுதினாலும் முடியாது என்று சொல்லவில்லை.

காலையில் பிரேசர் டவுன் தந்தி ஆபீசில் ஃபாரம் வாங்கி எழுதினேன். இல்லை. எல்லோரையும் மூங்கில் வீடுகளுக்கு மாற்றவும். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளவும். கீழே என் பெயர். குளிரைப் பற்றிய வரி அவசியம்தானா அம்மா என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். அவசியம் என்றேன். கைப்பையில் இருந்த மற்றப் பதிலை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. மாற்றிவிட்டோம் என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். கட்டு அவிழ்ந்து தடிக் கண்ணாடியோடு சீஃப் ஆபீசுக்கு வந்தார். கூரையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க ஒரு வழி வரைந்தோம். மழைக்கு முன்னால் அங்கே வேலையைத் தொடங்க முடியவில்லை. தினமும் காலையில் பேப்பர் வந்ததும் அஸ்ஸாம் செய்தி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். இருக்கக் கூடாது என்றுதான் தேடினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் டாக்டர் லீவில் பிரேசர் டவுனுக்கு வந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. மெலிந்த, வேகமாகப் பேசுகிற பெண். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார்.

"மழைக்காலம் தொடங்கறப்ப ஒரு ஆட்டம் வந்துதும்மா. ரொம்பப் பெருசு இல்ல. மருந்து பாட்டிலெல்லாம் உருண்டுச்சு. அப்புறம் வார்டைப் போய்ப் பார்த்தா, கூரை இவ்ளோ நகர்ந்திருக்கு."

மேஜை விளிம்பில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துக் காட்டினார். ஒரு விரல் அகலம். வார்டு காலியாக இருந்தது. ஒரு பக்கச் சுவரின் தலை லேசாக வெளியே சாய்ந்திருந்தது. ஆடியும் விழவில்லையே, பிறகு எதற்கு இத்தனை கலவரம் என்று காண்ட்ராக்டர் கேட்டாராம். இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தால் தெரிந்திருக்கும் என்று சூப்பர்வைசர் சொன்னாராம். இப்போது கூரையை உடைத்து எடுத்துவிட்டு, சுவரின் தலையைச் சுற்றி இன்னொரு பட்டை போட்டுத் தகரம் வேய்கிறார்கள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லாவிட்டால் இதை எழுதியதில் பயனில்லை. ஒரு விரல்தானா என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் நான் செய்தது சரி என்று ஆகியிருக்குமே என்று. பேப்பரில் இத்தனை நாளாக எதைத் தேடினேன் என்று அப்போதுதான் புரிந்தது.

வெட்கத்தை மறைக்க, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே டாக்டர் என்று கேட்டேன். அவர் தரையில் தீப்பெட்டியை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் பையனைப் பார்த்தார்.

"ஆட்டத்துல யாருக்கும் ஒன்னும் ஆகல" என்றார்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் அவசரப்படாமல் சொன்னார். மாற்றிய குளிர்காலத்தில் மூங்கில் வீட்டில் ஒரு குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை, மாதம் நிறைவதற்குள் பிறந்தது. துணியில் சுற்றி, சூடு செய்த செங்கல்லைத் துணிபோட்டுப் பக்கத்தில் வைத்து, அம்மாவின் நெஞ்சோடு கட்டி, எல்லாம் செய்தார்கள். வார்டில் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. அங்கயும் போயிருக்கலாம். நானும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்." என்றவர் தொடர்ந்தார். "உன் தந்தியில குளிர் படாம பார்த்துக்கோங்கன்னு இருந்துது. அதைப் படிச்சுட்டு சிஸ்டர்கிட்ட கொடுத்து, இன்ஜினியர் அம்மா ஆர்டர் போட்டுட்டாங்க, குளிரை வரவேணாம்னு சொல்லுன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்ப சிரிப்பா இருந்துது."

அந்தக் குழந்தையின் தாய் மலைக்கிராமத்துப் பெண். எங்களைக் கல் வீட்டிலிருந்து ஏன் வெளியே அனுப்பினீர்கள் என்று டாக்டரிடம் கேட்டாளாம். அந்த வீடு விழுந்துவிடும் என்று பயந்தோம் என்றாராம் இவர். அவள் வெளியே வந்து வார்டைப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்து, வெயிலில் பளிச்சென்று நின்றது.

"விழலையேன்னு கேட்டா அவ. அவ்வளவுதான். சண்டையெல்லாம் போடல. ஊருக்குப் போயிட்டா."

ஆட்டம் வந்தது அவள் போன பிறகு. கூரை நகர்ந்ததை அவளிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது?" என்றார் டாக்டர். அவரும் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் அது.

அவர் சொன்னதை மறுநாள் சீஃபிடம் சொன்னேன். குழந்தையைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து பழைய ட்ரேசிங்கை எடுத்தார். தார்க் காகிதக் கோட்டை அழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அழிக்கவில்லை, பெங்களூருக்கு அது சரிதான். பிளேடால் தன் கையெழுத்தைச் சுரண்டினார். பிறகு ஊர்ப்பெயருக்கு ஒரு கட்டம் போட்டு, அதைக் காலியாக விட்டார். அன்றிலிருந்துதான் இந்த வழக்கம்.

நான் அனுப்பிய பதில் சரியா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை. அதே தந்தி நாளைக்கு வந்தாலும் இல்லை என்றுதான் எழுதுவேன். எழுதிவிட்டு, அந்தக் குழந்தையின் தாய்க்கு முன்னால் நின்றால், நான் காட்டுவதற்கு என்னிடம் ஒரு விரல் அகலம்தான் இருக்கும்.

என் மேஜைக்கு வரப்போகிறவருக்கு ஒன்று மட்டும். கட்டு தயாரானதும் கடைசித் தாளை உருவி எடுத்து மேலே வையுங்கள். ஊர்ப்பெயரை எழுதுவதற்கு முன்னால், அந்த ஊரில் அந்தக் கூரையின் கீழே யார் படுக்கப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு எழுதுங்கள். உங்கள் கையெழுத்தை, படிக்கிற மாதிரி போடுங்கள்.